அத்தியாயம் 6: காட்சி மூன்று மணிக்கு; கிளம்புவது எத்தனை மணிக்கு?

விடியற்காலை ஐந்தே கால். ஒரகடம் கூட்டுச்சாலையில் மேம்பாலத்துக்கு அடியில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. டீக்கடை பாய்லர் கொதிக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் பாதித் தூக்கம் என்று முப்பது நாற்பது பேர் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். ஆறு மணிக்கு ஏ ஷிப்ட். ஆனால் இவர்களில் யாரும் ஆறு மணியை வைத்து வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் இல்லை. ஆறுக்கு லைனில் நிற்க வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்குள் பஞ்ச், அதற்கு ஐந்து இருபதுக்கு பஸ், அதற்கு ஐந்து பத்துக்கு ஸ்டாப், அதற்கு நாலரைக்கு எழுந்தாக வேண்டும். இந்தப் பின்னோக்கிய கணக்கை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே மனிதர் விடுமுறை நாளில் குடும்பத்தோடு தீம் பார்க் போகும்போது இந்தக் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார். மூன்று மணிக் காட்சி என்று பலகையில் பார்த்து, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அரங்க வாசலுக்கு வருகிறார். வாசலில் சங்கிலி போட்டாகிவிட்டது. தோளில் ஈரத் துண்டோடு பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கட்டியும் காட்சியைப் பார்க்காமல் திரும்பும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். அந்தக் கதையைத் தவிர்க்கும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

எட்டும் தூரத்தில் என்னென்ன?

இந்தத் தொழில் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒருநாள் பயணத்துக்கு இடங்கள் உண்டு. மிக அருகில் இருப்பது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தை ஒட்டிய பழஞ்சூரில் உள்ள குயின்ஸ்லேண்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டமும், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும் இருக்கின்றன. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேசுவரத்துக்கு அடுத்து வொண்டர்லாவின் ஐந்தாவது பூங்கா, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. சவாரிகள் வேண்டாம், நாட்டுப்புறக் கலை போதும் என்பவர்களுக்கு முட்டுக்காட்டிலேயே 1996இல் தொடங்கிய தட்சிணசித்ரா இருக்கிறது. அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இந்த இடங்களில் எந்த நாள், எந்த நேரத்தில், எந்தக் காட்சி என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். சென்ற ஆண்டு பார்த்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. முந்தைய நாள் மாலை பூங்காவின் தொலைபேசியில் கேட்டுக்கொள்வதே சரி.

மூன்று வகைக் காட்சி, மூன்று வகை வருகை

எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு முன்கூட்டிப் போக வேண்டியதில்லை. முதலில் காட்சி எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, இருக்கையும் கதவும் உள்ள காட்சி: சண்டைக் காட்சி, மாய வித்தை, அரங்க நாடகம். நெருப்பும் நீரும் குதிப்பும் உள்ள காட்சியில் பாதுகாப்புக்காகத் தொடங்கும் நேரத்தில் வாசலை அடைத்துவிடுவார்கள். இருட்டில் படிக்கட்டு ஏறும் ஆள் தனக்கும் ஆபத்து, மேடையில் இருப்பவருக்கும் இடைஞ்சல். எனவே இந்த வகைக்குத் தாமதம் என்பது காட்சியையே இழப்பது.

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் நடக்கும் வாட்டர்வேர்ல்ட் காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படகுகளும் வெடிகளும் பாய்ச்சல்களும் நிறைந்த அந்தக் காட்சியில் முன்வரிசைகள் நனையும் பகுதி. முன்னால் வருபவர் நனையாத நடு இருக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். பின்னால் வருபவருக்கு எது மிச்சமோ அதுதான். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிது. அதே ஊரின் நைட் சஃபாரியில் நடக்கும் இரவு விலங்குக் காட்சிக்கு, காட்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு கைப்பேசியில் இருக்கைப் பதிவு திறக்கும் முறை வந்துவிட்டது. அங்கே உறவினர் வீட்டுக்குப் போகும் தமிழர்கள், வரிசையில் நிற்பதற்குப் பதிலாக அந்த இரண்டு மணி நேரத்தைக் குறித்துவைத்தால் போதும்.

இரண்டாம் வகை, நேரம் உண்டு, கதவு இல்லை: ஊர்வலம், நடனம், இசை நீரூற்று, மழை நடனம், அலைக்குளம். இவற்றுக்குத் தாமதமாகப் போனாலும் ஏதாவது பார்க்கலாம். ஆனால் மூன்றடி உயரப் பிள்ளைக்கு ஐந்தாவது வரிசையில் பெரியவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் உள்ள குடும்பம் இருபது நிமிடம் முன்னால் கயிற்றோரம் போய் நிற்பது நல்லது. ஊர்வலமாக இருந்தால் அது கிளம்பும் இடத்தைவிட, முடிவடையும் இடத்தில் கூட்டம் மெதுவாகத்தான் சேரும்.

மூன்றாம் வகை, நேரமே இல்லாத காட்சி. வி.ஜி.பி.யில் பல்லாண்டுகளாகப் பெயர்பெற்ற சிலை மனிதர்தான் தமிழ்நாட்டில் இதற்குத் தலைசிறந்த உதாரணம். மீசையும் தலைப்பாகையுமாக அசையாமல் நிற்கும் அவரைச் சிரிக்கவைக்க இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் முயன்றிருக்கிறார்கள். இந்த வகையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வரும் இடைவெளியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்காக முதல் வகைக் காட்சியைத் தவறவிட்டால் அதை மீட்க வழியில்லை.

வாசலில் நடக்கும் கணக்கு

எவ்வளவு முன்னால் என்ற கேள்விக்கு விடை, அரங்கின் வாசலில் இருக்கிறது. 600 இருக்கை உள்ள ஓர் அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாசல், கைப்பட்டை பார்த்து நிமிடத்துக்கு 15 பேரை உள்ளே விடுகிறார்கள். 600 பேரும் உள்ளே போக 40 நிமிடம் ஆகும். ஆனால் கதவைத் திறப்பதே காட்சிக்கு 30 நிமிடம் முன்புதான் என்றால், தொடங்கும் நேரத்தில் 450 பேர் உள்ளே, 150 பேர் வெளியே. உள்ளே இருக்கை காலியாக இருக்கும்போதே வெளியே ஆள் நிற்கும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது. லைனில் ஒரு ஸ்டேஷன் மெதுவானால் பின்னால் பொருள் குவிவதைத் தினமும் பார்க்கும் தொழிலாளிக்கு இது புதிதல்ல.

நடு இருக்கை வேண்டுமானால் முதல் 200 பேருக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கதவு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, அதாவது காட்சிக்கு 40 நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்தால் சாதாரண நாளில் போதும். பண்டிகை நாளில் ஒரு மணி நேரம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்க வேண்டியது, காட்சி எப்போது என்பதை விட, கதவு எப்போது திறக்கும் என்பது. காட்சி நேரம் பலகையிலேயே இருக்கிறது. கதவு நேரத்தைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒரு நாளின் கணக்கு

மாத்தூரில் குடியிருக்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. போவது பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பூங்காவுக்கு. நீர் விளையாட்டும் வேண்டும், மூன்று மணிக் காட்சியும் வேண்டும். கணக்கைக் கீழிருந்து மேலே எழுதுவதுபோல, காட்சியிலிருந்து வீட்டுக்கு எழுத வேண்டும்.

- 3.00: காட்சி தொடக்கம்.
- 2.20: வரிசையில் சேர வேண்டும்.
- 2.05: கழிப்பறை, குடிதண்ணீர். ஐந்து பேருக்குப் பதினைந்து நிமிடம்.
- 1.25: சாப்பாடு தொடக்கம். உச்ச நேரம் என்பதால் 40 நிமிடம்.
- 12.45: தண்ணீரிலிருந்து வெளியே. குளியல், துடைப்பு, உடை மாற்றம், லாக்கர் எல்லாம் சேர்ந்து 40 நிமிடம்.
- 10.45: தண்ணீருக்குள். இரண்டு மணி நேர விளையாட்டு.
- 10.15: பூங்கா வாசல். சீட்டு, பைச் சோதனை, கைப்பட்டைக்கு அரை மணி.
- 9.10: வீட்டிலிருந்து கிளம்புதல். பாதைக்கு 45 நிமிடம், எதிர்பாராததற்கு 20 நிமிடம்.

மூன்று மணிக் காட்சிக்கு ஒன்பது பத்துக்குக் கிளம்புவதா என்று தோன்றலாம். பதினொரு மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அதே கணக்கில் போட்டுப் பார்த்தால் விளங்கும். பாதைக்கும் எதிர்பாராததற்குமாக ஒரு மணி ஐந்து நிமிடம் போக, 12.05க்கு வாசல். 12.35க்கு உள்ளே. தண்ணீரை விட்டு வெளியேற வேண்டிய 12.45க்கு இன்னும் பத்து நிமிடம்தான். பிள்ளைகளை அப்போது தண்ணீரிலிருந்து இழுத்துவர எந்தப் பெற்றோராலும் முடியாது. அங்கேதான் மூன்று மணிக் காட்சி கைநழுவுகிறது.

இந்தப் பட்டியலில் பலரும் மறப்பது உடை மாற்றும் 40 நிமிடம். ஈர நைலான் உடையோடு அரங்க இருக்கையில் உட்கார விடமாட்டார்கள், விட்டாலும் ஏ.சி. அரங்கில் பிள்ளைகள் நடுங்கும். முடிந்தால் காட்சியை முதலிலும் தண்ணீரைப் பிறகும் வைத்துக்கொண்டால் இந்த 40 நிமிடம் அப்படியே மிச்சம். காட்சி காலை 11.30க்கும் மாலை 3க்கும் இரண்டு முறை நடக்குமானால், காலைக் காட்சியைத் தேர்வதுதான் குடும்பத்துக்கு வசதி. தவறினாலும் மூன்று மணிக் காட்சி கையிருப்பில் இருக்கும்.

பாட்டியைப் பற்றியும் ஒரு சொல். முழங்கால் வலி உள்ளவர் நடக்கும் வேகம்தான் அந்தக் குடும்பத்தின் வேகம். அவரோடு ஒருவர் முன்னதாகவே அரங்கத்தின் பக்கம் நகர்ந்து நிழலில் உட்கார்ந்துகொண்டால், அவரும் மூச்சு வாங்காமல் வருவார், மற்றவர்களுக்கும் ஓட்டம் இல்லை. சக்கர நாற்காலிக்கும் முதியோருக்கும் தனி வாசல் உண்டா என்று நுழைவிடத்திலேயே கேட்டுவைக்க வேண்டும்.

சாலையிலும் ஷிப்ட் உண்டு

இந்த வட்டாரத்தின் சாலைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான், 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து ஆலைகள் வந்தன. இன்று இங்குள்ள நெரிசலைத் தீர்மானிப்பது பள்ளி மணியோ அலுவலக நேரமோ இல்லை, ஷிப்ட் மாற்றம். ஆலைக்கு ஆலை நேரம் சற்று மாறினாலும், காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து ஆகிய மூன்றைச் சுற்றியும், ஜெனரல் ஷிப்ட் கூடும் காலை எட்டரை, கலையும் மாலை ஐந்தரையைச் சுற்றியும் கம்பெனி பஸ்கள் அணிவகுக்கும். கார் ஏற்றிய நீண்ட டிரெய்லர்களும் கன்டெய்னர்களும் அதோடு சேரும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தைக் காலை 9 முதல் 12 வரைக்குள் கடந்துவிடுவது எளிது. பிற்பகல் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடப்பவர் அரை மணி கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக முட்டுக்காட்டை அடையலாம். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் வந்து சேரலாம். இரண்டு வழிக்கும் வண்டலூர்தான் குடுமி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டங்களுக்குப் போகிற கூட்டம் அதை ஒட்டியே கூடுகிறது. தொடர் விடுமுறைக்கு முந்தைய மாலையும், விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாளும் இந்தப் பாதையில் காட்சி நேரத்தை நம்பிப் போவது வீண். அந்த நாள்களில் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பூங்காவே சரி. சித்திரைத் திருவாதிரை உற்சவத்தின்போது, இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரின் ஊர்த் தெருக்களைத் தவிர்த்து நெடுஞ்சாலையிலேயே போக வேண்டும்.

எந்த ஷிப்டுக்கு எந்தக் காட்சி?

ஏ ஷிப்ட் முடித்து அதே நாளில் போக நினைப்பவருக்கு: இரண்டு மணிக்கு வெளியே வந்தால் வீடு சேர 2.45. குளித்துக் கிளம்ப 3.15. பாதைக்கும் எதிர்பாராததற்கும் சேர்த்து 4.20க்குப் பூங்கா. 4.50க்கு உள்ளே. 40 நிமிட வரிசை போக, அவருக்கு எட்டும் முதல் காட்சி 5.30க்குத்தான். அதற்குப் பிறகு காட்சி ஏதும் இல்லாத நாளில் முழுக் கட்டணம் கொடுத்து ஓடுவதில் பொருளில்லை.

பி ஷிப்ட் வாரத்தில் வேலை நாளன்று முயலவே வேண்டாம். பகல் இரண்டுக்கு லைனில் நிற்க வேண்டியவர், காலைக் காட்சியில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சி ஷிப்ட் முடித்துக் காலை ஆறுக்கு வெளியே வருபவர் நேராகப் பிள்ளைகளை பைக்கில் ஏற்றிக் கிளம்பவே கூடாது. இரவு முழுதும் விழித்த கண்ணுக்கு நெடுஞ்சாலையின் காலை வெயில் தாலாட்டு. அந்தப் பாதையில் பக்கத்திலேயே டிரெய்லர்கள் ஓடுகின்றன. நண்பகல் வரை தூங்கி எழுந்து, வார விடுமுறை நாளாக இருந்தால் மட்டும் மாலைக் காட்சிக்குப் போகலாம். ஒரு காட்சி தவறினால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் தேர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், மேலும் ஐந்து பண்டிகை நாள்களும் விடுமுறை. மே தினத்தில் எல்லா ஆலைக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை என்பதால் எல்லாக் குடும்பமும் ஒரே வாசலில் நிற்கும். ஞாயிறு அல்லாத வார விடுமுறை கிடைக்கும் பிரிவுகளில் வேலை செய்பவர்கள் அதை வரமாக நினைக்கலாம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையாக உள்ள வாரநாளோடு அது பொருந்தினால், மற்றவர் ஒரு மணி நேரம் நிற்கும் வரிசையில் கால் மணி நின்றால் போதும்.

வெயிலும் அந்தியும் மழையும்

திறந்தவெளி அரங்கத்தில் நாலு மணிக் காட்சி என்றால் சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். மேற்குப் பக்கப் படிகளில், கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில் விழும், கண் கூசாது. கூரையோ மரமோ இருந்தால் நிழலும் அந்தப் பக்கத்துக்குத்தான் முதலில் வரும். முன்னால் வந்தவருக்கே இந்தத் தேர்வு. காலைக் காட்சிக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒளிக் காட்சியும் விளக்கு நீரூற்றும் இருட்டாமல் தொடங்காது. சென்னைப் பகுதியில் நவம்பர் நடுவில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஜூன் இறுதியில் 6.35ஐத் தாண்டும். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வேறுபாடு. கோடையில் போன நினைவோடு நவம்பரில் போகிறவர் காட்சி பாதி முடிந்த பிறகு வந்து நிற்பார். பிரான்ஸின் மேற்கே உள்ள பூய் து ஃபூ பூங்காவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1978இல் ஓர் இரவுக் காட்சியாகத் தொடங்கிய அந்தப் பூங்காவில் ராட்டினமோ சறுக்கலோ கிடையாது, நேரடிக் காட்சிகள் மட்டும்தான். வருகிறவர்கள் காலையில் அன்றைய அட்டவணையை வாங்கி, அரங்கத்துக்கு அரங்கம் நடக்கும் தூரத்தையும் சேர்த்து நாளைப் பிரித்துக்கொள்கிறார்கள். பெரிய இரவுக் காட்சி இருட்டிய பிறகே தொடங்கும்.

நம் பக்கத்தில் அதற்கு ஒப்பிடத்தக்கது ஹைதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டி. 1996இல் தொடங்கிய அந்தப் பரந்த வளாகத்துக்கு ஆலைக் குழுக்கள் இரண்டு நாள் சுற்றுலா போவது வழக்கம். படப்பிடிப்புத் தளங்களைச் சுற்றிக்காட்டும் பஸ் ஒரு பக்கம், வைல்ட் வெஸ்ட் சண்டைக் காட்சி போன்றவை மறுபக்கம். பஸ்ஸில் ஏறியபின் திரும்பும் நேரம் கையில் இல்லை. ஆகவே ஏறுவதற்கு முன்பே காட்சிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, எந்தக் காட்சிக்குத் திரும்ப முடியும் என்று ஊழியரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை வலுத்தால் திறந்தவெளிக் காட்சியை நிறுத்துவார்கள். அந்த மாதங்களில் நாளின் முதல் காட்சியைப் பிடிப்பது பாதுகாப்பு. அது நின்றாலும் அடுத்தது இருக்கும்.

குழுவாகப் போகும்போது

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. மின்னணு ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள் மாதத்துக்கு ஒரு முறை வேன் பிடித்துப் பூங்காவுக்குப் போவது இந்த வட்டாரத்தில் புதிய வழக்கம். வெளிமாவட்டங்களிலிருந்து வந்த பலருக்கு அதுவே வாழ்க்கையின் முதல் தீம் பார்க். அந்த நாள் குறையில்லாமல் அமைய வேண்டும்.

45 பேர் கொண்ட குழுவுக்குக் குடும்பத்தின் கணக்கு பொருந்தாது. சீட்டுக்கு இருவர் முன்னால் போய்விட வேண்டும். குழுவைப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்து, காட்சிக்கு 50 நிமிடம் முன்பு அரங்க வாசலில் கூடுமாறு சொல்ல வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது கைப்பேசி லாக்கரில் இருக்கும் என்பதால், “போன் பண்றேன்” என்ற ஏற்பாடு செல்லாது. இடமும் நேரமும் காலையிலேயே பேசி முடிவாகியிருக்க வேண்டும். விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் இருந்தால் அதையும் கடைசிக் காட்சியிலிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும்: காட்சி முடிந்து வாகன நிறுத்தத்துக்கு வர அரை மணி, தலை எண்ணிக்கைக்குப் பத்து நிமிடம், பிறகு பாதை. இரவு ஒன்பதுக்கு மேல் சி ஷிப்ட் பஸ்கள் எதிரே வரும்.

கிளம்புமுன் கேட்க வேண்டிய ஐந்து

முந்தைய நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நாளை காட்சிகள் எவை, எத்தனை முறை? அரங்கக் கதவு எப்போது திறக்கும்? தொடங்கிய பிறகு உள்ளே விடுவார்களா? முதியோருக்குத் தனி வழி உண்டா? மழை வந்தால் என்ன ஏற்பாடு? விடைகளை ஒரு தாளில் எழுதி, காட்சி நேரத்தை மேலே வைத்து, கீழே கீழே நிமிடங்களைக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசி வரியில் வீட்டுக் கதவைப் பூட்டும் நேரம் வந்து நிற்கும். அந்த நேரத்தை இரவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பாட்டிக்கு முதலில் சொல்லுங்கள்.